இரண்டு கிழமைச் சட்டமும் முப்பத்தொரு நாள் துடக்கும்

1

எங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே அன்ரன் லீவு கேட்டான். மனைவிக்கு ஆடி மாதம் பிள்ளை பிறக்கப்போகிறதாம். பிறந்ததும் இரண்டு கிழமை, பதினாலு நாள், வீட்டில் நிற்க வேண்டுமாம். உழுந்து அரைக்கிற கிரைண்டரை எப்படிக் கழுவுவது என்று நான் அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கேட்டவன் தலையைச் சொறியவில்லை, குழையவில்லை. காலையில் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்ட அதே குரலில் இதையும் கேட்டான்.

ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு, இப்படிக் கேட்டவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்று தோன்றும். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் இந்த ஏப்ரலோடு இங்கே லண்டனில் சட்டம் மாறிவிட்டது. தகப்பனாகப் போகிறவன் வேலைக்கு வந்த முதல் நாளே அந்த லீவைக் கேட்கலாம். முதலாளி மாட்டேன் என்று சொல்ல முடியாது. காய்ச்சல் என்று படுத்தால் முதல் நாளில் இருந்தே நோய்க்காசு உண்டு, முன்பு மூன்று நாள் பொறுத்திருக்க வேண்டும். வருகிற ஜனவரி பிறந்தால், ஆறு மாதம் வேலை செய்த ஒருவரைத் தகுந்த காரணம் இல்லாமல் நிற்பாட்டவும் முடியாது. சிறிய கடை வைத்திருப்பவர்களுக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்தவென்று கணினியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். என் கணவருக்கு அந்த ஆங்கிலம் பிடிபடாது. அதனால் வடை மாவுக் கையோடு நான்தான் இருந்து கேட்டேன்.

கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. கடைக்குச் செலவு வரப்போகிறதே என்ற கவலையில் அல்ல, அந்தக் கவலையை இவர் பார்த்துக்கொள்வார். திரையில் இருந்த பெண் முதலாளிமார் கவனிக்க வேண்டியவை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போக, நான் முதலாளியாக இருந்து கேட்கவே இல்லை. வேலைக்காரியாக இருந்து கேட்டேன். இதில் ஒன்றாவது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டேன். பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

2

எங்களுடையது ரெய்னர்ஸ் லேனில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை. தோசை, இட்லி, வடை. அதைவிடக் கோயில் ஓடர்களால்தான் கடை நிமிர்ந்து நிற்கிறது. லண்டனில் கோடை வந்தால் கோயில்களில் கொடியேறும். கொடியேறினால், திருவிழாச் செலவை ஏற்கிற உபயகாரர்கள் மோதகத்துக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் எங்களிடம் வருவார்கள். சமைக்கிற கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் இவர் கறார். அன்ரன் மன்னார்க் கத்தோலிக்கன், எங்கள் பேச்சில் வேதக்காரன். இருந்தாலும், முழுகிவிட்டு, மீன் இறைச்சி என்று மச்சம் தொடாமல் வந்தால் போதும் என்று சேர்த்துக்கொண்டார். அந்தப் பொடியனின் கைக்கு மோதகம் என்னைவிட வடிவாக வரும், அதிலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

எங்கள் ஒரே மகள் அபி லண்டனின் தெற்கே சட்டனில் இருக்கிறாள். ஒரு பெரிய அலுவலகத்தில் வேலையாட்களின் லீவு, சம்பளம், வழக்கு வம்பு எல்லாம் பார்க்கிற பகுதியில் வேலை. அவளுக்கும் இது முதற் பிள்ளை, அன்ரனின் பிள்ளைக்கு இரண்டு மூன்று கிழமை பிந்தித்தான் நாள் சொல்லியிருந்தார்கள். நிறைவயிற்றோடு வீட்டில் இருந்தபடி அவள்தான் எங்களுக்குச் சட்டம் சொன்னாள். அன்ரனின் லீவு முதல் நாளில் இருந்தே உரிமை. ஆனால் அந்த லீவுக்குக் காசு வேண்டுமென்றால் ஏறக்குறைய ஆறு மாதமாவது முன்பே வேலையில் இருந்திருக்க வேண்டும். ஆகவே அவன் நிற்கலாம், காசில்லை. இதைக் கேட்டு இவர் பெருமூச்சு விட்டார்.

பிறகு நான் என் கேள்வியைக் கேட்டேன். இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கடையில் நிற்கிறேனே, பேரப்பிள்ளை பிறக்கிற நேரம் எனக்கு என்ன லீவு?

அபி சிரித்தாள். கடை இரண்டு பேரின் பெயரிலும் இருக்கிறதால் நான் வேலையாள் இல்லை, பங்காளி. பங்காளிக்கு லீவு என்று ஒன்று கிடையாது. அது போக, அம்மம்மாமாருக்குச் சட்டம் எதுவுமே வைக்கவில்லை.

"யூ டோன்ட் நீட் லீவ், அம்மா. நீங்கள் கடைக்குச் சும்மா போகாமல் விட்டாச் சரி."

சும்மா போகாமல் விடுவதாம். அலுவலகத்தில் வேலை செய்கிற பிள்ளை, சொல்லிவிட்டாள். அடுத்த நாள் என் போனுக்கு அவளிடம் இருந்து ஒரு நாட்காட்டி அழைப்பு வந்திருந்தது, கூட்டங்களுக்கு அனுப்புவார்களே, அந்த மாதிரி. பிள்ளை பிறந்த பிறகு எந்தெந்த நாட்களில் எனக்கு வரச் சௌகரியம் என்று நான் திரையில் அழுத்திச் சொல்ல வேண்டுமாம். அவளுடைய மாமியாரும் அப்படியே அழுத்தியிருந்தார், எல்லா நாளையும்.

அந்தச் சம்பந்தி அம்மா கவுன்சிலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வருகிறது. அபியின் வீட்டில் இருந்து ஐந்து நிமிட நடை. பத்தியக் குழம்பான காயத்துக்கு மல்லியும் மிளகும் வாங்கி, வறுத்து, திரித்துப் போத்தலில் போட்டு வைத்துவிட்டதாகப் போனில் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்குக் காயம் அரைத்துக் கொடுக்கிறது அவளைப் பெற்ற தாயின் வேலை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. "நீங்கள் கடையோட கஷ்டப்படுறியள், நான் பாக்கிறன்" என்று இனிமையாகச் சொன்னார். அந்த இனிமையில் எனக்குப் பல்லுக் கூசியது.

3

அபி பிறந்தபோது நாங்கள் கோலியர்ஸ் வுட்டில் ஓர் அறையில் இருந்தோம். இவர் பெற்றோல் நிலையத்தில் வேலை. எனக்கு வலி கண்ட அன்று ஷிப்டை விட்டு வந்தால் மறுநாள் அந்த ஷிப்ட் இன்னொருவருடையதாகிவிடும். அதனால் ஷிப்ட் முடித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வரும்போது பிள்ளை பிறந்து, துடைத்து, தொப்பி போட்டுப் படுத்திருந்தது. எனக்கு ஒரு தாதி டோஸ்ட்டும் பால்தேத்தண்ணியும் கொண்டுவந்து தந்தாள். நல்ல மனுசி. ஆனால் பிள்ளை பெற்ற வயிற்றுக்கு டோஸ்ட்.

அம்மாவைக் கூப்பிட விசாவுக்குப் போட்டோம். அவர் திரும்பிப் போவார் என்று நம்பப் போதிய ஆதாரம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். வீடும் வளவும் ஆடுமாடும் ஊரில் இருக்கிற மனுசி இந்தக் குளிரில் வந்து ஒளித்திருந்து என்ன செய்யப்போகிறார் என்று அந்த அதிகாரிக்கு யார் விளங்கப்படுத்துவது?

அதே வருடம் ஊரில் என் தங்கைக்கும் பிள்ளை பிறந்தது. அவள் எழுதின கடிதம் முழுக்க முறைப்பாடு. முப்பத்தொரு நாளும் அறையை விட்டு இறங்க விடவில்லையாம். வேப்பிலைத் தண்ணீர் வார்க்கிறேன் என்று அம்மா முதுகுத் தோலை உரித்துவிட்டாவாம். காயத்தைக் குழைத்துக் குழைத்துத் தந்து உள்ளி மணம் மூக்கை விட்டுப் போகவில்லையாம். மாம்பழம் கண்ணில் காட்டவில்லையாம். எங்கள் ஊரில் மகப்பேற்று லீவு என்று யாரும் சொல்வதில்லை. துடக்கு என்று சொல்வோம். பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகக்கூடாது, நல்ல காரியத்தில் நிற்கக்கூடாது, தாயை ஒரு வேலையும் செய்ய விடக்கூடாது. தீட்டு என்று ஒதுக்கி வைக்கிறார்கள் என்பாள் அபி. ஒதுக்கி வைக்க ஓர் ஆள் இல்லாமல், பிறந்த பிள்ளையோடு தனியாக ரொம்பர் உடுப்புக் கழுவினவளிடம் அவள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தங்கையின் கடிதத்தை வாசித்து நான் அழுதேன். அவள் பாவம் என்று அல்ல. அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். என் பிள்ளை பிள்ளை பெறுகிற நாளில் அவளுக்கு டோஸ்ட் மட்டும் கிடைக்க விடமாட்டேன். நான் போய் நிற்பேன். முப்பத்தொரு நாளும் நிற்பேன்.

4

அன்ரனுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. சட்டப்படி இரண்டு கிழமை நின்றான். அந்த இரண்டு கிழமையும் கிரைண்டர் கழுவியது, இட்லித்தட்டு மினுக்கியது, பின்பக்கக் குப்பைப் பெட்டி இழுத்தது எல்லாம் நான். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் ஊரான் பிள்ளைக்குத் தகப்பனை வீட்டில் இருக்க விட்டு வளர்த்தேன்.

இரண்டு கிழமை முடிகிற அன்று அன்ரன் போன் எடுத்து, நாளைக்கு வாறன் என்றான். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"வேண்டாம் தம்பி. முப்பத்தொண்டு கழிச்சு வா."

"அண்ணை, எங்களுக்குத் துடக்கு இல்லை. நாங்கள் வேதமெல்லே."

"உனக்கு இல்லைத் தம்பி. பிள்ளையாருக்கு இருக்கு."

கொடியேற்றம் கிட்டுகிறது, பிள்ளை பிறந்த வீட்டுக்காரன் மோதகம் பிடித்தான் என்று யாராவது உபயகாரர் அறிந்தால் அதோடு ஓடர் சரி என்பது இவருடைய பயம். அன்ரனுக்கு வேலைக்கு வரத்தான் விருப்பம். புதுப்பிள்ளை வீட்டில் செலவு இருக்கிறதுதானே. இவரோ தான் அவனுக்கு நல்லது செய்துவிட்டதாக நினைத்தார். சட்டம் கொடுத்தது இரண்டு கிழமை, தான் அதற்குமேல் கொடுத்திருக்கிறாராம்.

அபியிடம் போனில் பெருமையாகச் சொன்னபோதுதான் வினை வந்தது. அவள் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், குரல் அப்படி மாறியது. வேலைக்கு வரத் தயாராக இருக்கிறவனை வரவேண்டாம் என்று சொன்னால் அவனுக்கு அந்த நாட்களின் சம்பளம் முழுவதையும் கொடுக்க வேண்டுமாம். அதுவும் எங்கள் சமய வழக்கத்தை வேறு சமயத்தவன் மேல் போட்டு நிற்பாட்டினால் பாகுபாடு என்று ட்ரைபியூனல் என்கிற தொழில் தீர்ப்பாயத்துக்கும் போகலாமாம். வேலை நீக்கத்துக்கு ஆறு மாதக் கணக்கு, பாகுபாட்டுக்கு முதல் நாளே வழக்கு. அவனை நாளைக்கே கூப்பிடுங்கள் என்றாள்.

இவர் ஓர் இரவு முழுக்க யோசித்தார். ட்ரைபியூனலுக்கும் பயம், பிள்ளையாருக்கும் பயம். விடிய எழும்பி, சம்பளத்தைக் கொடுக்கிறேன், ஆளை மட்டும் கூப்பிட மாட்டேன் என்று தீர்ப்புச் சொன்னார்.

இப்போது பாருங்கள். சட்டம் தந்த லீவுக்கு அன்ரனுக்குக் காசில்லை. துடக்கே இல்லாத ஒரு கத்தோலிக்கப் பொடியனுக்கு எங்கள் பிள்ளையார் தந்த லீவுக்கு முழுச் சம்பளம். அபியைப் பெற்று, பச்சை உடம்போடு மாடிப்படி ஏறி இறங்கின எனக்கு அந்தப் பிள்ளையார் ஒரு நாளாவது தந்தாரா? நான் அவருக்கு அவித்த மோதகத்துக்குக் கணக்கில்லை.

இது போதாதென்று கடை வாட்ஸ்அப்பில் படம் வேறு போட்டான். அவனுடைய மாமியார் மன்னாரில் இருந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிக்க வார்க்கிறார். மாமியாருக்கு விசா கிடைத்திருக்கிறது. நான் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தேன். பிறகு என் கண்ணே பட்டு அந்தக் குழந்தைக்கு நாவூறு வந்துவிடுமோ என்று பயந்து, ஒரு சிவப்பு இருதயத்தை அனுப்பிவிட்டு, செத்தல் மிளகாய் இரண்டைச் சுற்றி அடுப்பில் போட்டேன். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் இருமிக்கொண்டு எழும்பிப் போனார்.

5

அபிக்குப் பெண்பிள்ளை பிறந்த செய்தி வந்தபோது நான் கொடியேற்றத்துக்கான பயறு வறுத்துக்கொண்டிருந்தேன். மருமகன்தான் போன் எடுத்தான். தாயும் பிள்ளையும் சுகம், நாளைக்கு வீட்டுக்கு விடுகிறார்கள் என்றான். சட்டுவத்தை அடுப்பில் விட்டபடியே நான் அழுதேன். பயறு கொஞ்சம் கருகியது.

இவருக்கும் கண் கலங்கியது. பொய் சொல்லக் கூடாது, அவருக்கு மகள் என்றால் உயிர். ஆனால் நான் போய் நிற்கப்போகிறேன் என்றதும் முகம் மாறியது.

"மோதகம் ஆர் பிடிக்கிறது? அன்ரனும் இல்லை."

அன்ரனை இல்லாமல் ஆக்கினது யார் என்று கேட்டேன். அன்ரனுக்கு ஒரு மாதம் துடக்கு என்றால் எனக்கும் துடக்குத்தானே, என் பேத்தி அல்லவா என்று கேட்டேன். அங்கேதான் அவர் என்னைப் பிடித்தார்.

"அது அவையின்ர துடக்கு. கலியாணம் கட்டிக் குடுத்த பிள்ளை. எங்களுக்கு இல்லை."

அவர் சொன்னது முறைப்படி சரி. பிள்ளை தகப்பனின் வழிக்குச் சேர்ந்தது. துடக்குச் சம்பந்தி வீட்டுக்குத்தான். அரசாங்கத்தின் கணக்கில் நான் பங்காளி, லீவில்லை. கோயிலின் கணக்கில் நான் பெண் வீட்டாள், துடக்கில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எனக்குச் சாமியும் கொடுக்கவில்லை, பூசாரியும் கொடுக்கவில்லை.

கடைசியில் மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் அடங்கினதும் போய்ப் பார்த்துவிட்டு, மாவு குழைக்கிற நேரத்துக்கு முன் திரும்பிவிட வேண்டும் என்று முடிவானது. வாசலில் வைத்து இவர் எனக்குச் சட்டம் சொன்னார்.

"பிள்ளையைத் தூக்கும், பரவாயில்லை. வந்து முழுகினால் சரி. ஆனால் அங்கை பச்சைத்தண்ணியும் வாயில வைக்காதையும். துடக்கு வீட்டில சாப்பிட்டால் உமக்கும் துடக்கு."

6

ரெய்னர்ஸ் லேனில் இருந்து பரிங்டனுக்கு ஒரு ரயில், அங்கிருந்து சட்டனுக்கு இன்னொன்று. மடியில் காயச் சரக்கு வைத்திருந்தேன். நானும் இரகசியமாக வறுத்துத் திரித்திருந்தேன். பெட்டியில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு மிளகு மணந்தது.

வீட்டுக் கதவைத் திறந்தது சம்பந்தி. கையில் குழம்பு கிண்டுகிற ஏப்பை. வீடு முழுக்க உள்ளி மணம். நான் பிந்திவிட்டேன். என் போத்தலை வாங்கி, "ஐயோ, இதுவும் உதவும்" என்று அலுமாரியில் வைத்தார், பின்வரிசையில்.

பிள்ளையைத் தூக்கினேன். அதைப் பற்றி எழுத எனக்கு வராது. தூக்கினேன், அவ்வளவுதான்.

அபி கட்டிலில் சாய்ந்திருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் டோஸ்ட் தந்தார்களாம். நல்லாயிருந்தது என்றாள். போனை எடுத்து எனக்கு அனுப்பிய அந்த அழைப்பைத் திறந்து பார்ப்பாள் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. என் கையைப் பிடித்தாள். ஆறு வயதுக்குப் பிறகு என்னோடு ஆங்கிலம் கலக்காமல் அவள் ஒரு முழு வசனம் பேசி நான் கேட்டது குறைவு. அன்றைக்குப் பேசினாள்.

"அம்மா, நீங்கள் எத்தினை மணிக்குப் போகவேணும்?"

பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். சம்பந்தி அபிக்குச் சோறு போட்டுக் காயம் விட்டுக்கொண்டிருந்தார். அந்த மனுசியின் கையால் ஒரு வாய் வைப்பதில்லை என்று ரயிலில் இருந்தபோதே நினைத்திருந்தேன், இவர் சொன்னதற்காக அல்ல, என் வயிற்றெரிச்சலுக்காக. இப்போது எனக்கும் ஒரு கோப்பை போடச் சொன்னேன்.

அவருக்கு ஆச்சரியம். போட்டார். மேசையில் இருந்து, சோற்றைக் குழைத்து, முழுவதையும் சாப்பிட்டேன். மிளகு கூடிவிட்டது, வேர்க்கொம்பு என்கிற சுக்குக் காணாது, அதை இங்கே எழுதாமல் விட முடியவில்லை. ஆனாலும் கோப்பையை வழித்தேன், விரலையும் சூப்பினேன். தன் காயம் எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று சம்பந்திக்குப் பெரிய சந்தோசம். கையைக் கழுவிவிட்டு இவருக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சருங்கோ, நான் துடக்கு வீட்டில சாப்பிட்டிட்டன்."

அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதை நிற்பாட்டினார்.

"எவ்வளவு?"

"வயிறு நிறைய. முப்பத்தொண்டு கழியாமல் நான் கடைக்குள்ள வரக்கூடாது. பிள்ளையாருக்கு இருக்கெல்லே."

அவர் கோபித்திருந்தால் நானும் பேச ஆயத்தமாகத்தான் இருந்தேன், பல வருடத்துப் பேச்சு சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவர் தொண்டையைச் செருமிவிட்டு, அன்ரன் வேதக்காரன்தானே, அவைக்குத் துடக்குக் கிடையாதுதானே என்று, யாரோ புதிதாகக் கண்டுபிடித்துச் சொன்னதைப் போலச் சொன்னார். ஓம் என்றேன். பிள்ளை ஆரைப் போல இருக்கு என்று கேட்டார். உங்களைப் போல என்றேன், ஓர் உதவிக்கு.

நான் திரும்பி வந்தபோது அபி சாப்பிட்டு முடித்திருந்தாள். போகவில்லை என்று சொன்னேன். நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போனில் அன்ரனின் குரற்செய்தி வந்து விழுந்தது. பின்னால் அவனுடைய பிள்ளை வீரிட்டு அழுகிற சத்தம். "அக்கா, அண்ணை நாளைக்கே வேலைக்கு வரட்டாம். உங்களுக்கு ஒரு மாதம் லீவாமே. நீங்கள் குடுத்து வைச்சனீங்கள் அக்கா."

அவன் அதை மனதாரச் சொல்லவில்லை. சம்பளத்தோடு கிடைத்த லீவு பறிபோன பொறாமைதான் அந்தக் குரலில் இருந்தது, எனக்குத் தெரியும், எத்தனையோ வருடம் அதே குரலில் நான் பேசியிருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை காலத்தில் என்னைப் பார்த்து அந்தச் சொல்லை ஒருவரும் சொன்னதில்லை. இன்னொரு தரம் போட்டுக் கேட்டேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் போத்தலை அலுமாரியின் முன்வரிசைக்கு எடுத்து வைக்க எழும்பினேன்.